வெண்கலத்தின் வலது கன்னம்

அந்தக் குரலைக் கேட்டிராதவர்களுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது! மீன் ஏலக் கூடத்தில் ஒரு பக்கம் ஐஸ் உடைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடும். ஈரத் தரையில் பெட்டிகளை இழுக்கிற சத்தம், தகரக் கூரையில் மழை, வாசலில் லாரிக்காரர்களின் சண்டை. இத்தனையையும் தாண்டி, கடைசி மூலையில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறவனின் காதோரம் வந்து பேசுவதுபோல் அந்தக் குரல் கேட்கும்.

"கணவாய் வந்திருக்கு கணவாய்! வெள்ளை வெளேர்னு இருக்கு, வந்து தொட்டுப் பாருங்க! ஆரம்பிச்சு வைக்கிற மகராசன் யாரு?"

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கூடத்தில் எல்லோருக்கும் அவர் வெண்கலம்தான். ஐம்பதை நெருங்குகிற வயது. ஆள் குள்ளம். மரப்பெட்டியின்மேல் ஏறி நின்றால்தான் தலை தெரியும். ஆனால் கண் சுற்றுகிற சுற்று இருக்கிறதே! வியாபாரிகளில் ஒருவர் தாடையைத் தடவுவார், ஒருவர் தொப்பியைத் தூக்கி வைப்பார், மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பெரியம்மா கண்ணை மூடித் திறப்பதோடு சரி. எல்லாமே விலை கேட்பதுதான். ஒன்றையும் விடமாட்டார். ஏற்றி, ஏற்றி, இனி ஏறாது என்கிற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, "மூணு தரம்!" என்று போடுவார். போட்டால் போட்டதுதான். மூன்றாம் தரத்தை வாயால் சொன்னால்தான் ஏலம் செல்லும் என்பது கூடத்தின் சட்டம். விலை கேட்க எதுவும் செய்யலாம், ஏலத்தை முடிக்க மட்டும் கை காட்டியதும், தலை ஆட்டியதும் கணக்கில் வராது. அதனால் எத்தனையோ அடிதடி மிச்சமாகியிருக்கிறது.

நான் அந்தக் கூடத்தில் எடை போடுகிறவன். வெண்கலத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தேன். அக்காவைப் பெட்டிமேலும் பார்த்தேன், வீட்டு அடுப்படியிலும் பார்த்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ஐஸ் இயந்திரத்தில் வேலை செய்தார். ஐஸ்காரர் என்று பெயர். அந்த இரைச்சலிலேயே வாழ்க்கை போனதால், வீட்டில் உப்பைக் கேட்டாலும் தெருவே திரும்பிப் பார்க்கும்படிதான் கேட்பார். அவருடைய தங்கை கூடத்தில் மீன் அரிகிறவள். கல்யாணம் காட்சி வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கையில் கத்தி எவ்வளவு கூர்மையோ, வாயும் அவ்வளவு. "அண்ணே, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், கப்பல்ல போகல" என்பாள். அவருக்கு அதுவும் பாதிதான் காதில் விழும்.

இந்த மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் மாடிக்குச் சிரிப்புச் சத்தம் வரும். அப்படி ஒரு காலை வேளையில்தான், சுட்ட ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபோது, அக்காவின் வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் பாதியாக உடைந்தது.

பேக்கரிக்கு மேலே ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. பொறுமைசாலி. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைக் குடைந்து, வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே பல்போலவே ஒரு தொப்பி மாட்டிவிட்டார். அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் பல்லுல இதுதான் அழகான பல்லு" என்று எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தார்.

தொப்பி போட்ட அடுத்த வாரம். கடலிலிருந்து காற்று ஊசி ஊசியாக வந்துகொண்டிருந்த காலை. இறால் ஏலம் உச்சத்தில் இருந்தது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அக்கா இழுத்தார். நின்றுவிட்டார். கண் மூடிக்கொண்டது. வலது கை மேலே எழும்பி, கன்னத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஓட்டல்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "சரி சரி, மேல பத்து!" என்று கத்தினார். பின்னாலிருந்து, "மேல இருபது!" அக்கா அசையவில்லை. "இந்தம்மா இன்னிக்கு நம்மள உரிச்சுத்தான் அனுப்பும்!" என்று ஓட்டல்காரர் இன்னொரு முறை ஏற்றினார். அக்கா கண்ணைத் திறந்தார். "மூணு தரம்!" கைதட்டலும் விசிலும் கூரையைத் தூக்கின. என்ன சாமர்த்தியம், என்ன சாமர்த்தியம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

எடைமேடைக்கு வந்த அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, யாரோ கன்னத்துக்குள்ள கரண்டு கம்பிய வச்சு எடுத்துட்டாங்கடா."

"பல்லா அக்கா?"

"பல்லுவலி எனக்குத் தெரியாதா? இது வேற. மின்னல் மாதிரி வருது, போயிடுது. போன பிறகு, வந்துச்சான்னே சந்தேகமா இருக்கு. அப்புறம் திரும்ப வருது."

அதன் பிறகு திரும்பத் திரும்ப வந்தது. காற்று பட்டால் வந்தது. பல் தேய்த்தால் வந்தது. முகம் கழுவினால், கரண்டி உதட்டில் பட்டால், தலையணை உரசினால் வந்தது. பேசும்போதும் உதடு சேர்கிற எழுத்துகளில் வெட்டியது. "ஒரு தரம்" என்பதைக் கடைசி எழுத்தை விழுங்கிச் சொல்லிவிடலாம். "ரெண்டு தரம்" எப்படியோ சொல்லிவிடலாம். "மூணு" என்று உதட்டைச் சேர்த்தாரோ இல்லையோ, ஆள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். ஏலம் அந்தரத்தில் தொங்கும். வியாபாரிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "நான் செஞ்ச பல்லு நல்லா இருக்கும்மா. வேர்ல சீழ் இல்ல, வீக்கம் இல்ல. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போமா?"

பொறுப்பதா! இவருக்குத் தெரியவில்லை என்று அக்கா கடைத்தெரு முனையிலிருந்த இன்னொரு பல் வைத்தியரிடம் போனார். அவர், வலிக்கிற பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க மரப்பு. வலியே இல்லை. வீட்டில் ஒரே கொண்டாட்டம். நாத்தனார் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஐஸ்காரர் என்னை மாடியிலிருந்து கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை குழாயடியில் அலறல் கேட்டு நான் படிகளில் பாதியைத் தாண்டிக் குதித்து இறங்கினேன். முகத்தில் ஈரத்தோடு சுவரில் சாய்ந்து நின்றார் அக்கா.

"பல்லு போயிடுச்சு. வலி மட்டும் அங்கேயே உக்காந்திருக்கு. பல்லே இல்லாத இடத்துல எப்படிடா பல்லு வலிக்கும்?" என்று கேட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வேலை செய்து அலுத்துவிட்டது, நடிக்கிறாள் என்றார்கள். மனசில் ஏதோ குறை என்றார்கள். சீட்டி என்று ஒருவர் இருந்தார். சில்லறை மீனுக்கு ஏலம் கூறுகிறவர், பேசினால் பல் சந்தில் காற்றுப் போய்ச் சீட்டி அடிக்கும். பெரிய படகுகளின் ஏலம் அக்காவுக்குப் பின் அவருக்குத்தான் வரும். அந்த மனுஷன் தினமும் ஒரு பொட்டலம் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

"இவரு என் வேலைக்குக் காத்திருக்காரா, இல்ல நிஜமாவே பாவப்படுறாரா?" என்று அக்கா கேட்டார்.

"ரெண்டும்தான் அண்ணி" என்றாள் நாத்தனார். "மனுஷன்னா ரெண்டும் இருக்கும். கிராம்ப வாங்கி வை, குழம்புக்கு ஆகும்."

நல்லவேளை, புயல் மாதங்கள் தொடங்கின. படகுகளைக் கரையேற்றிக் கூடத்தைப் பூட்டினார்கள். கடல் அடங்கித் திறக்கிற நாளுக்குள் அக்கா சரியாகிவிடவேண்டும். அந்த முதல் நாள் சாதாரண நாளா? மாதக்கணக்கில் மீன் பார்க்காத வியாபாரிகள் எங்கிருந்தெல்லாமோ வந்து குவிவார்கள். அன்று பெட்டிமேல் யார் நிற்கிறார்களோ, பருவம் முழுக்க அவர்கள்தான். பெரிய படகுகளுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் முதலாளி என்போம். அவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "உன் வாய நம்பித்தான் நான் வலை போடுறேன். முடியலன்னா இப்பவே சொல்லிடு. வருத்தப்படமாட்டேன். ஆனா அன்னிக்குக் காலையில வந்து முடியலன்னு சொல்லாதே."

வந்துவிடுவேன் என்பதுபோல் அக்கா கையை மட்டும் ஆட்டினார். அவர் போனதும் கையால் மேசையை ஓங்கிக் குத்தினார்.

அந்த நாட்களில் வீடு பார்க்கச் சகிக்காது. பாலில் ஊறிய ரொட்டியும் குழைந்த சோறும்தான் சாப்பாடு. அதையும் இடது பக்கமாகச் சாய்ந்து, ஏதோ திருட்டுச் சாமான் கடத்துகிறவர்போல விழுங்குவார். கன்னத்தைச் சுற்றி ஒரு சால்வை. வாசல் கதவு திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐஸ்காரர் மெதுவாகப் பேசப் பழகினார். அவர் மெதுவாகப் பேசுவது, லாரி ஒன்று மூச்சுவிடுவதுபோல இருந்தது.

ஒருநாள் அக்கா சிலேட்டுப் பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினார்: பக்கத்துப் பல்லையும் எடுக்கணும்.

"எடுத்தா?" என்றார் ஐஸ்காரர்.

அதற்கும் பக்கத்துப் பல்லை, என்று எழுதினார்.

"அப்புறம் பொக்கை வாயோட வலிக்கும். சும்மா இரு!"

"விடுங்கண்ணே" என்றாள் நாத்தனார். "வலிக்கிறவங்க சொல்றாங்க. உங்க கன்னமா அது?"

"என் பொண்டாட்டி கன்னம்!" என்று அவர் பழைய சத்தத்துக்குப் போய்விட்டார். அந்த அதிர்ச்சியிலேயே அக்காவுக்கு ஒரு வெட்டு வெட்டியது. மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் நின்று அழுதார். அழுகையும் தெருக்கோடி வரை கேட்டது.

கடைசியில் நால்வரும் பேக்கரி மாடிக்கே கிளம்பினோம். பிடுங்குகிறவர் அன்று ஊரில் இல்லை, அதுதான் காரணம். அக்கா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வாயைத் திறந்து, விரலால் காட்டினார். இது.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"நான் எடுக்கமாட்டேன்."

அக்கா நாற்காலியின் கையை அடித்தார். பேசினால் வெட்டும் என்று தெரிந்தும் பேசினார். "நீங்க... கை வச்ச பிறகுதான்... வந்துச்சு. நீங்கதான் எடுக்கணும்!" பேசி முடிக்குமுன் வந்துவிட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. டாக்டரம்மா தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, அது போகிறவரை அப்படியே நின்று உற்றுப் பார்த்தார்.

"நான் கை வச்சதாலதான் வந்துச்சான்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதுக்காக நல்ல பல்லப் பிடுங்கினா நான் பண்ற ரெண்டாவது காரியமும் தப்பாயிடும். இப்ப வந்துச்சே, அத நான் கண்ணால பாத்தேன். பல்லு இப்படி வலிக்காது. நரம்புதான் இப்படி வெட்டும். பெரிய ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டர் இருக்கார். நான் இப்பவே போன் பண்றேன். நானும் கூட வரேன்."

"கூட வரீங்களா?" என்றார் ஐஸ்காரர். "கடை?"

"கடைய மூடிட்டு வரேன்."

மீன் வாடை ஊறிப்போன என் வண்டியில் ஐந்து பேர். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனோம். டாக்டரம்மா மூக்கைப் பொத்தவில்லை என்பதை நாத்தனார் கவனித்து, பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நரம்பு டாக்டர் வயதானவர். அவசரமே இல்லை. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எங்கே தொடங்கி எங்கே ஓடும் என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு பஞ்சை மெல்லியதாகத் திரித்து, நெற்றியில் தொட்டார். ஒன்றுமில்லை. இடது கன்னத்தில். ஒன்றுமில்லை. வலது உதட்டோரத்தில் பூ உதிர்வதுபோல் வைத்தார். அக்கா நாற்காலியோடு பின்னுக்குப் போனார்.

"போதும்மா, மன்னிச்சுக்குங்க. இனி தொடமாட்டேன்" என்றார் டாக்டர். "முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஒண்ணு இருக்கு. காதுக்கு முன்னாலேர்ந்து மூணு கிளையாப் பிரியும். அதுல கீழ்க்கிளை, நடுக்கிளை ரெண்டும் உங்களுக்குத் தகராறு பண்ணுது. முக்கிளை நரம்பு வலின்னு பேரு."

அக்கா நிமிர்ந்தார். "பேரு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப... வேற யாருக்காவது வந்திருக்கா?"

"நிறையப் பேருக்கு. உலகத்துல இருக்கிற மோசமான வலியில இது ஒண்ணு. பாதிப் பேரு முதல்ல பல்லு டாக்டர்கிட்டதான் போறாங்க. நல்ல பல்லயெல்லாம் எடுத்துட்டு இங்க வருவாங்க."

"பேரு இருக்காம்!" என்று ஐஸ்காரர் எழுந்து நின்று கத்தினார். வெளியே வராந்தாவில் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என் பொண்டாட்டி நடிக்கல! பேரு இருக்காம்!" நர்ஸ் ஓடிவந்தார். நாத்தனார் அண்ணனின் வாயைப் பொத்தினாள். அவள் கண்ணிலும் தண்ணீர். அக்கா வலியோடு சிரித்தார், சிரித்ததற்கு ஒரு வெட்டு வாங்கினார், வாங்கிக்கொண்டும் சிரித்தார். இத்தனை மோசமான செய்தியைக் கேட்டு ஒரு குடும்பம் இப்படிக் குதித்ததை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது.

தலைக்குள் படம் எடுத்தார்கள். கட்டி இல்லை, ரத்தக்குழாய் நரம்பை அழுத்தவில்லை. எல்லாம் சுத்தம்.

"அப்ப ஏன் வந்துச்சு?" என்று கேட்டார் டாக்டரம்மா. அக்காவைவிட அவருக்குத்தான் அந்தப் பதில் அவசரமாக வேண்டியிருந்தது.

"தெரியல" என்றார் பெரிய டாக்டர். "பல்லு வேலைக்குப் பிறகு ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. காரணம் தெரியாட்டியும் மருந்து உண்டு. கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்திக்கிட்டுப் போகணும். தலை சுத்தும், தூக்கம் தள்ளும், நாக்கு குழறும். உடம்புல தடிப்பு கிளம்பினா அன்னிக்கே வரணும். நீங்களா நிறுத்தக் கூடாது. முழுசாப் போயிடும்னு வாக்குக் கொடுக்கமாட்டேன். குறையும்."

வாசலில் வைத்து அக்கா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாத்திரை முதலில் ஆளைப் படுக்கப் போட்டது. நடந்தால் சுவர் நகர்கிறது என்றார். தடிப்பு வருமோ என்று நாத்தனார் காலையும் மாலையும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் அக்கா முகம் கழுவும்போது ஒன்றும் வரவில்லை. மறுநாள் வந்தது. அதற்கும் மறுநாள் வரவில்லை. வெட்டுகள் இளைத்துக்கொண்டே போயின. ஆனால் பேச்சு பழைய பேச்சில்லை. நாக்கு ஒரு நொடி பின்னால் வந்தது. "கணவாய்" என்று தொடங்கி "கவணாய்" என்று முடிந்தது. ஏலத்தில் ஒரு நொடி பின்னால் வந்தால் கூட்டம் ஏறி மிதித்துவிட்டுப் போய்விடும். சத்தமாகப் பேசினால் வெட்டு வருமா என்று பார்க்கவும் அவருக்குத் துணிச்சல் இல்லை.

கடல் அடங்கிவிட்டது. கூடத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

யோசனை நாத்தனாருடையது. "அண்ணிக்கு மூளை இருக்கு, வாய் இல்ல. அண்ணனுக்கு வாய் இருக்கு..."

"மேல சொல்லாதே" என்றார் ஐஸ்காரர்.

"அண்ணன் பெட்டிமேல நிக்கட்டும். அண்ணி பின்னால நின்னு முதுகுல கை வைக்கட்டும். ஒரு தட்டுன்னா ஏத்து. ரெண்டு தட்டுன்னா தரம் சொல்ல ஆரம்பி. சட்டையப் பிடிச்சு இழுத்தா நிறுத்து."

அடுப்படியில் பயிற்சி நடந்தது. ஐஸ்காரர் முக்காலிமேல் நின்றார். நானும் நாத்தனாரும் வியாபாரிகள். முதல் சரக்கு ஒரு இட்லிப் பானையளவு பெரிய அலுமினியப் பாத்திரம்.

"பாத்திரம்! பாத்திரம் வந்திருக்கு! தொட்டுப் பாருங்க! ஆரம்பிச்சு வைக்கிற... வைக்கிற..." மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. "என்னம்மா அது?"

"மகராசன்" என்றார் அக்கா பின்னாலிருந்து.

"மகராசன் யாரு!" கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பாத்திரத்த விக்கிறீங்களா? என்ன விலை?" என்று நிஜமாகவே கேட்டார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அப்படி அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

திறக்கிற நாள் வந்தது. கூடத்தில் நிற்க இடமில்லை. படகுகள் வரிசையாக முனை திரும்பி வருவதைப் பார்த்துப் பிள்ளைகள்போலக் கத்தினார்கள் வியாபாரிகள். பெட்டிகள் இறங்கின. சால்வை சுற்றிய அக்கா முன்னால் வர, சலவைச் சட்டையில் ஐஸ்காரர் பின்னால் வந்தார். பெட்டிமேல் ஏறியது அவர்தான் என்று கண்டதும் கூடம் வாயைப் பிளந்தது.

"என்ன வெண்கலம், பித்தளைய ஏத்தி விட்டிருக்கே?" என்றார் ஓட்டல்காரர். சிரிப்பு அலையாகப் போனது.

முதலாளி முகம் சுருங்கியது. சீட்டி தயாராகத் தொண்டையைச் செருமினார். அக்கா கணவரின் முதுகில் கையை வைத்தார்.

முதல் கத்தலிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி ஒரு சத்தம். நெத்திலி ஏறியது. நண்டு ஏறியது. அக்கா பெட்டிக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டிக் கண்ணைச் சுழற்றுவார், கை தட்டும், அவர் வாய் முழங்கும். ஈயை ஓட்டக் கையை வீசிய ஒரு பாவப்பட்டவர் தலையில் ஒரு பெட்டி சுறா விழப் பார்த்தது. அக்கா சட்டையை இழுத்துக் காப்பாற்றினார். கூட்டத்துக்கு இது பிடித்துப் போய்விட்டது. ஆரவாரம் ஏற ஏற ஐஸ்காரருக்கும் போதை ஏறியது. கையை வீசினார். தெரியாத பாட்டெல்லாம் பாடினார்.

முதலாளியின் சூரை மீன் இறங்கியது. ஆள் படுத்திருப்பதுபோல ஒவ்வொன்றும் அவ்வளவு நீளம். முதுகு நீலமாக மின்னியது. ஓட்டல்காரரும் ஒரு ஏற்றுமதிக்காரரும் மோதினார்கள். விலை ஏணி வைத்து ஏறுவதுபோல ஏறியது. ஏற்றுமதிக்காரர் வாயை மூடிக்கொண்டார். ஐஸ்காரருக்கு ஆவேசம். இரண்டு தட்டுக்குக் காத்திருக்கவில்லை. "ஒரு தரம்! ரெண்டு தரம்!" அக்கா சட்டையை இழுத்தார். அவருக்கு உறைக்கவே இல்லை. பின்வரிசையில், ஐஸ் குவியலுக்கு அந்தப் பக்கம், மொத்த வியாபாரப் பெரியம்மா கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார். பார்த்தது அக்கா மட்டும்தான். ஐஸ்காரர் மார்பு விரிய மூச்சை இழுத்தார். அடுத்தது மூன்றாம் தரம். சொல்லிவிட்டால் மாற்ற முடியாது.

"நிறுத்துங்க!"

கூடத்தின் கடைசி மூலை வரை அது போயிற்று. வெண்கலம். அதே வெண்கலம். தகரத்தில் முட்டித் திரும்பி வந்தது. ஐஸ்காரர் திறந்த வாயோடு நின்றார்.

அக்கா இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, கண்ணை இறுக்கிக் காத்திருந்தார். அது வருகிற வழி அவருக்குத் தெரியும். நாத்தனார் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் தராசை விட்டேன். வந்தது. கன்னம் ஒருமுறை துடித்தது. எங்களுக்கே தெரிந்தது.

கண்ணைத் திறந்தார்.

"வந்துச்சு" என்றார் நாத்தனாரிடம், நம்பாதவர்போல. "வந்துட்டுப் போயிடுச்சுடி. சின்னதா. எறும்பு கடிச்ச மாதிரி... இல்ல, பொய் சொல்லக் கூடாது, தேள் மாதிரி. ஆனா போயிடுச்சு!" பிறகு கணவரைப் பார்த்து, "இறங்குங்க, இறங்குங்க" என்றார்.

பெட்டிமேல் ஏறி சால்வையைக் கழுத்துக்குத் தள்ளினார்.

"பெரியம்மா கேட்டிருக்காங்க. என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் கண்ணு போகல. அதுக்கு மேல யாரு?"

நாக்கு மெதுவாகத்தான் வந்தது. சில சொற்களை எடுத்துவைத்து எடுத்துவைத்துப் பேசினார். பழைய வேகம் இல்லை. ஆனால் அந்த நிதானத்தில் ஒருவருக்கும் மூச்சுவிட முடியவில்லை. ஓட்டல்காரர் ஏற்றினார். பெரியம்மா கண்ணை மூடித் திறந்தார். ஏற்றுமதிக்காரர் திரும்பக் களத்தில் குதித்தார். கூடம் விலைக்கு விலை ஓ என்று கூவியது. கடைசியில் பெரியம்மாவிடம் வந்து நின்றது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

உதடு சேரவேண்டும். சேர்ந்தபோது பெரிதாகவே வந்தது. கால் தள்ளாடியது. ஐஸ்காரர் கீழேயிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டார். ஓட்டல்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது ஏற்றியிருக்கலாம், சட்டம் இடம் கொடுக்கும். அவர் ஏற்றவில்லை. அக்கா மூச்சு வாங்கினார், வலது கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல் விட்டார்.

"மூணு தரம்!"

பிறகு நடந்த கூச்சலை நான் எழுதி மாளாது. சீட்டியே விரலை வாயில் வைத்து நிஜச் சீட்டி அடித்தார். மீதிச் சரக்கைப் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் முடித்தார்கள். விலையை அவர் முழங்குவார், தரத்தை இவர் சொல்வார். உச்சி வெயிலுக்குத் தரை காலியாகிவிட்டது.

அக்கா காற்று படாத சுவரோரம், வெயிலில், ஆறிய தேநீரோடு உட்கார்ந்திருந்தார். முகம் களைத்துக் கருத்திருந்தது, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. முதலாளி ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து வந்து முன்னால் நின்றார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?"

"படகு எப்ப வருதோ, அப்ப."

"வலி?"

"அதுவும் வரும்" என்றார் அக்கா. "ஏன் வருதுன்னு டாக்டருக்கே தெரியல. வந்தா நான் கொஞ்சம் நிப்பேன். நீங்களும் நிக்கணும்."

முதலாளி தலையாட்டினார்.

"இந்தக் கூடத்துல தலையாட்டினா கணக்குல வராது" என்றார் அக்கா. "வாயால சொல்லுங்க."

"நிப்போம்" என்றார் அவர்.